செலிக்கா: புதிதாய் வரட்டுமா, பழையதற்குப் பாகம் வரட்டுமா?

டொயோட்டா 2006இல் நிறுத்திய செலிக்கா ஸ்போர்ட்ஸ் கார் திரும்ப வேணும் என்கிறார்கள் உப்புவெளிப் பெடியங்கள். பழைய வண்டிக்குப் பாகம் செய்து தந்தாலே போதும் என்பது என் பக்கம்.

விலை: புதியது இறக்குமதித் தீர்வையோடு எட்டாக்கனி. பாகமென்றால் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கலாம்.

நீடித்து உழைப்பது: இதில் புதியதுதான் மேல். திருகோணமலை உப்புக்காற்று பழைய தகட்டைத் தின்றுவிடும். எஞ்சின் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அடிப்பக்கத்தைக் கழுவி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசாமல் தப்பாது.

பழுது திருத்தம்: இப்படித் திரும்பி வந்த வண்டிகளைப் பாருங்கள். 2019இல் மீண்ட டொயோட்டா சுப்ராவுக்குள் பிஎம்டபிள்யூ எஞ்சின், நம்மூர் கராஜுக்குப் புதுசு. 2025இல் வந்த ஹொண்டா பிரெலூட் ஹைபிரிட், அது பழகிய சங்கதி.

தினம் வேலைக்கு ஓடுபவருக்குப் புதிய ஹைபிரிட் கூபே (இரண்டு கதவுக் கார்). அப்பாவின் செலிக்காவைப் போர்த்து வைத்திருப்பவருக்குப் பாகம். சுப்ராவுக்கும் ஏஇ86 என்ற பழைய கொரோல்லாவுக்கும் பழைய பாகங்களை டொயோட்டா மீண்டும் செய்கிறதே, செலிக்காவுக்கும் செய்யட்டும்.