லேப்டாப் வைஃபை: உள்ளே கார்டா, வெளியே டாங்கிளா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல் லேப்டாப்பில் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இருந்ததோ ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று வேளச்சேரியில் இருக்கும் தம்பியுடையது. இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மாட்டினோம். ஓட்டம் நன்றாகவே இருந்தது. வைஃபை மட்டும் இழுத்தது.

காரணம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் காலத்து மலிவு மாடல்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்த, ஒற்றை ஆன்டெனா வைஃபை கார்டுதான் வைத்திருப்பார்கள். மேற்கு மாம்பலம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் வைஃபை பட்டியலைத் திறந்தால் தெருவில் உள்ள அத்தனை வீட்டுப் பெயரும் வரும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அதில் அத்தனை வீடும் நெரிசலடித்தால் ஃபைபர் இணைப்பு போட்டு என்ன பயன்? நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறியே ஆக வேண்டும்.

நான் லேப்டாப்பைத் திறந்து கார்டை மாற்றினேன். திறக்க மனம் வராத தம்பி, வெளியிலிருந்தே யுஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கினான். இரண்டையும் பார்த்தபின் என் ஓட்டு கார்டுக்குத்தான்.

வேகம், விலை இரண்டையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன், அவை முடிவை மாற்றப் போவதில்லை. டாங்கிள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நல்ல கார்டு 2,000 ரூபாயை ஒட்டி, கடைக்குக் கடை ஏறி இறங்கும். டாங்கிள் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஏசி 1300 என்றால் 2.4-க்கு 400, 5-க்கு 867 எம்பிபிஎஸ் எனக் கூட்டிச் சொன்ன கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் உங்களுக்கு வராது. கார்டிலும் வசதியைப் பொறுத்துத்தான் வேகம். என் லேப்டாப்பில் ஒரே ஆன்டெனா வயர் என்பதால், என் ஐந்தாம் தலைமுறை வைஃபை (வைஃபை 5) ரூட்டரோடு 433-க்கு மேல் இணைப்பு வேகம் காட்டாது. 72-இல் கிடந்த லேப்டாப்புக்கு அதுவே தாராளம். இரண்டாவது வயரை மூடியின் கீல் வழியாக இழுத்துப் போடலாம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இனி கார்டு வாங்கும் கதை. நான் எடுத்தது இன்டெல் ஏஎக்ஸ் 210. வைஃபை 6இ, கூடவே ப்ளூடூத். எம்.2 என்ற செருகுதள வகை, 22-க்கு 30 மில்லிமீட்டர் அளவு. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போக அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். போகும்போது கார்டின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், அதுவும் கடைசி இலக்கம் வரை. ஏஎக்ஸ் 210-உம் ஏஎக்ஸ் 211-உம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒரே இடத்தில்தான் செருகும். ஆனால் 211, 201 இரண்டும் சிஎன்விஐ வகை. அவற்றின் வேலையில் பாதியை லேப்டாப்பின் இன்டெல் சிப்செட்டே செய்தாக வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய போர்டில் மாட்டினால் கார்டு இருப்பதே தெரியாது. 210-உம் அதற்கு முந்தைய 200-உம் முழுக் கார்டுகள், சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஓடும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டு மலிவாகக் கிடைத்தாலும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு, ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க மட்டும் தரும் டெஸ்டிங் வாரண்டிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. அடிமூடியின் ஸ்க்ரூக்களில் ஒன்றிரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைப் பார்க்காமல் நெம்பினால் மூடிதான் உடையும். விளிம்பைப் பிரிக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அப்புறம் எந்த வயர் எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ. ஆன்டெனா முனை மிளகு அளவுகூட இருக்காது, தங்க நிறத்தில் ஒரு வளையம். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, நகத்தை அடியில் கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். ஒற்றை ஸ்க்ரூவை எடுத்ததும் பழைய கார்டு தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ போட வேண்டும். ஆன்டெனா முனையைத் திரும்பப் பொருத்துவதில்தான் உயிர் போகும். வளையம் குமிழின் மேல் சரியாக உட்கார்ந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, செங்குத்தாக அழுத்தினால் மெல்ல ஒரு 'டிக்' கேட்கும். கேட்காவிட்டால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். ஒரே வயர் உள்ளவர்கள் அதை 1 என்று குறித்த முனையில் மாட்டுங்கள்.

லேப்டாப்பை ஆன் செய்தேன். வைஃபை வந்துவிட்டது. எதையும் இறக்கவில்லை, எதையும் நிறுவவில்லை. ஏஎக்ஸ் 210-ஐ இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையக் கருவான கர்னலுக்குள்ளேயே 5.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. கார்டுக்குள் ஏறி ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலும் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் கூடவே வருகிறது. டெபியன்கூட 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்த மாதிரி ஃபர்ம்வேரை நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டது.

என் முடிவே இந்த டிரைவர் விஷயத்தில்தான் நிற்கிறது. தம்பியின் டாங்கிளும் முதல் நாள் வேலை செய்யத்தான் செய்தது, கொஞ்சம் சுற்றி வளைத்து. செருகியதும் அது வைஃபையாகத் தெரியாமல் ஒரு சிடி டிரைவாகத் தெரிந்தது. உள்ளே விண்டோஸ் டிரைவர் இருந்தது. விண்டோஸ்காரர்களுக்கு அது வசதி. லினக்ஸில் முதலில் அதை வைஃபை நிலைக்கு மாற்ற வேண்டும், அப்புறம் டிரைவரின் மூலநிரலை இறக்கி, அந்த லேப்டாப்பிலேயே கம்பைல் செய்ய, அதாவது ஓடக்கூடிய நிரலாகக் கட்ட வேண்டும். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், நாம் கட்டிய டிரைவருக்கு நாமே சாவி உண்டாக்கி, மறு தொடக்கத்தில் வரும் நீலத்திரையில் அதைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கர்னல் அந்த டிரைவரை உள்ளே விடாது.

சரி, ஒரு முறை செய்தால் முடிந்தது என்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். முடிவதில்லை. கர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவர் எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அதற்குத்தான் பொருந்தும். புதுக் கர்னல் வந்தால் மறுபடி கட்ட வேண்டும். அதைத் தானாகச் செய்ய டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது, பெரும்பாலும் செய்தும் விடுகிறது. ஆனால் கர்னலின் உள் அமைப்பு கொஞ்சம் மாறி, டிரைவரை எழுதியவர் அதற்கேற்பத் திருத்தாமல் இருந்தால் கட்டுமானம் பாதியில் நின்றுவிடும். அப்டேட் முடிந்தது என்று திரையில் வரும், மறுதொடக்கம் செய்தால் வைஃபை இருக்காது. "அண்ணா, திரும்ப நெட் போச்சு" என்று போன் வரும். திருத்திய டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். அப்போதைக்கு இரண்டு வழி உண்டு. பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடலாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே லேப்டாப்புக்குக் கொடுக்கும், டேட்டாவும் செலவாகாது.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால்? தம்பியும் அதைத்தான் செய்யப் பார்த்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்றுதானே விண்டோஸ் 10-ஐ விட்டு வந்தோம்!

டாங்கிளுக்கும் நியாயம் பேச வேண்டும். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவருக்கு மேலே சொன்ன தொல்லை எதுவுமே கிடையாது. அவர்களுக்கு டாங்கிளே போதும் என்பேன், நீண்ட நாள் அனுபவம் அதில் எனக்கு இல்லை என்றாலும். சில மெலிந்த லேப்டாப்புகளில் வைஃபை சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே மாற்ற ஒன்றுமில்லை. இன்னும் பழையவற்றில் எம்.2-வுக்குப் பதில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் இருக்கும், ஆன்டெனா முனையின் அளவே வேறு. சில நிறுவனங்களின் பழைய மாடல்களில், லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் பயாஸே தனக்குத் தெரியாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகாமல் நின்றுவிடும். வாரண்டி இருக்கும்போது திறப்பதும் உசிதமில்லை. அதோடு, டாங்கிளை எந்த லேப்டாப்புக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

மறுபக்கம், கைக்கடக்கமான டாங்கிள் பலவற்றில் ப்ளூடூத் இருக்காது. யுஎஸ்பி 3 சாதனம் பக்கத்தில் ஓடினால் அதன் இரைச்சல் 2.4 பட்டையைக் கெடுக்கும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் குறையும்.

ஏஎம்டி லேப்டாப்பிலும் 210 ஓடும், நான் மாட்டிப் பார்த்தது இன்டெல்லில் மட்டும்தான்.

வேறு வழியில்லாமல் லினக்ஸுக்கு டாங்கிள்தான் என்றால், பிராண்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். மீடியாடெக் எம்டி 7612யு என்றால் 4.19 கர்னலிலிருந்தும், வைஃபை 6 தரும் எம்டி 7921ஏயு என்றால் 5.18-இலிருந்தும் டிரைவர் உள்ளேயே உண்டு. ரியல்டெக்கில் 8812ஏயு பல வருடம் வெளியே நின்று, 2025-இல் வந்த 6.14-இல்தான் கர்னலுக்குள் நுழைந்தது. மாடல் பெயர் ஒன்றாகவே இருக்க, பதிப்பு மாறும்போது சிப்பை மாற்றிவிடும் பழக்கமும் இந்த வியாபாரத்தில் உண்டு. அதனால் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண்ணையும் பாருங்கள். பெட்டியில் லினக்ஸ் என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய கர்னலுக்கான மூலநிரல்தான். கடைக்காரருக்குச் சிப் பெயர் தெரியவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம், ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்.