தோட்டம் யார் பேரில்? நில அலுவலகத்தின் 'சாரியான்' சேவை எவ்வளவு தூரம் உதவும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணத்தில் கோயில் நிர்வாகமோ பழைய லயத்துக் குடும்பங்களோ நிலம் கேட்டு மனு போடக் கிளம்பினால், முதல் கேள்வி அந்த மண் யார் பேரில் இருக்கிறது என்பதுதான். தோட்ட ஆபீசில் "கம்பெனி நிலம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கம்பெனி என்பதை எழுத்தில் தருவது நில அலுவலகத்தின் 'சாரியான்', அதாவது பட்டாப் பதிவுத் தேடல். இன்றைய உரிமையாளரைக் காட்டுவதில் இதை மிஞ்ச வேறு சேவை கிடையாது. நேற்றைய உரிமையாளர்களைத் தேடினால் பாதி வழி வரைதான் கூட வரும்.

பலரும் சறுக்குவது எந்த முகப்புக்குப் போவது என்பதில். கோல சிலாங்கூர் மாவட்ட நில அலுவலகம் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போய் வரிசையில் நிற்கிறார்கள். தேசிய நிலச் சட்டப்படி, 4 ஹெக்டருக்கு (சுமார் 10 ஏக்கர்) மேற்பட்ட நாட்டுப்புற நிலத்தின் பட்டா மாநிலப் பதிவகத்தில் இருக்கும். சிலாங்கூருக்கு அது ஷா ஆலத்தில் உள்ள நில, கனிம அலுவலகம். பட்டா எண்ணின் முன்னெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜி.ஆர்.என்., பி.என்., எச்.எஸ்.டி. என்றால் மாநிலம். ஜி.எம்., பி.எம்., எச்.எஸ்.எம். என்றால் மாவட்டம்.

தேடலில் இரண்டு வகை. 384ஆம் பிரிவின் கீழ் வரும் 'சாரியான் பெர்செண்டிரியான்' தகவல் தெரிந்துகொள்ளப் போதும்; ஆனால் அந்தத் தாளுக்குச் சான்று மதிப்பு இல்லை. 385ஆம் பிரிவின் 'சாரியான் ரஸ்மி'யில் பதிவதிகாரியே சான்றிதழ் தருகிறார். வக்கீலிடமோ அரசாங்கத்திடமோ நீட்டப்போகும் தாள் என்றால் நேராக இரண்டாவதையே எடுங்கள். எதை எடுத்தாலும் பெயரோடு நின்றுவிடாமல் காவேட் (நிலம் கைமாறாமல் தடுக்கும் பதிவு), அடமானப் பதிவுகளையும் பாருங்கள். வங்கிக்கு அடமானமாகக் கிடக்கும் நிலத்தில் ஒரு துண்டைப் பிரித்துத் தர, நிர்வாகி சம்மதித்தாலும் வங்கியின் ஒப்புதலும் வேண்டும்.

சேவையின் பெரிய குறை, தோட்டத்தின் பெயரைச் சொன்னால் எதுவும் வராது. பட்டா எண் அல்லது லாட் (அளந்த நிலத்துண்டு) எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), மாவட்டம் எல்லாம் கையில் வேண்டும். நிலவரி ரசீதில் இவை அச்சாகியிருக்கும். அது உரிமையாளருக்குத்தான் போகும். ரசீது கிடைக்காதவர்கள் நில அளவைத் துறையான ஜூபேமில் அந்த இடத்தின் லாட் வரைபடத்தைக் காசு கட்டி வாங்கலாம். கோயிலின் ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துக்கொண்டு போனால் வேலை சுலபம். ஒரு தோட்டம் பல லாட்டுகளில் பரந்து கிடக்கும். பக்கத்து லாட்டின் எண்ணைக் கொடுத்துவிட்டு, வந்த பெயரை நம்பி வருடக்கணக்கில் தவறான கம்பெனிக்குக் கடிதம் எழுதுபவர்கள் உண்டு. பழைய தாளில் இருப்பது பி.தி. எண்ணா என்றும் பாருங்கள். அது இறுதி அளவைக்கு முந்தைய தற்காலிக எண். அளவை முடிந்ததும் லாட் எண், பட்டா எண் இரண்டுமே மாறிவிடும். பழைய எண்ணை வைத்துத் தேடினால் இன்றைய பட்டா வராது.

வரலாறு தேடுபவர்களுக்குப் பட்டாவிலேயே மூன்று வரிகள் இருக்கின்றன: நிலம் முதன்முதலில் வழங்கப்பட்ட தேதி, மூலப் பட்டா எண், இதற்கு முந்தைய பட்டா எண். முந்தைய எண்ணைப் பிடித்து ரத்தான பட்டாவின் நகலைக் கேளுங்கள். அதில் அதற்கும் முந்தைய எண் இருக்கும். இப்படியே ஏணி மாதிரி இறங்கலாம். சிலாங்கூரில் பட்டாப் பதிவு முறை 1891இல் தொடங்கியது என்பதால் இதற்கு ஆழம் உண்டு. வேல்ஸ் நாட்டுப் பண்ணை எஸ்டேட்டுகளின் கதையே வேறு. அங்கே நிலப்பதிவு எல்லாப் பகுதிக்கும் கட்டாயமானதே 1990 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய உரிமையை ஜமீன் குடும்பங்களின் பத்திரக் கட்டுகளிலும், தேவாலயத்துக்கான தசமபாக வரிக்காக 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைந்த வரைபடங்களிலும் தேடி, அபெரிஸ்ட்வித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் உட்கார வேண்டும். அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் இந்த ஏணி இரண்டு இடங்களில் உடையும். ஒன்று, 1950, 60களின் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றது. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கக் காரணமான அதே துண்டாடல்தான். பெரிய பட்டா பிரிந்தபோது 10 ஏக்கருக்குள் அடங்கிய துண்டுகள் மாவட்டப் பதிவுக்குப் போய்விட்டன. அங்கே வந்ததும் கோல சிலாங்கூருக்குத் திரும்பத்தான் வேண்டும். இன்னொன்று, பங்குகள் கைமாறுவது. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனம் சில மணி நேரத்தில் மலேசியர் கைக்கு வந்தது. அதற்காகத் தோட்டப் பட்டா எதிலும் பெயர் மாறத் தேவையிருக்கவில்லை, நிலம் அதே கம்பெனியின் பேரில்தானே இருந்தது. பட்டாவை மட்டும் பார்ப்பவருக்கு அன்று ஒன்றுமே நடக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, இன்றைய கம்பெனி என்றால் மலேசியக் கம்பெனிகள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பங்குதாரர் விவரம் வாங்கலாம். பழைய ஸ்டெர்லிங் கம்பெனி (பிரிட்டனில் பதிவானது) என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பு இலவசம். ஆண்டுக் கூட்டச் செய்திகளில் ஏக்கர் கணக்கு வரை கிடைக்கும். கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் 'பி.தி. 31' வரிசையில் உள்ளன (நம்ம பி.தி. எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகளைக் கேட்கும்போது, ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலிலேயே தோட்டப் பெயரைத் தேடுங்கள்.

ஒரு கடைசி எச்சரிக்கை: சாரியான் முடிவு, அதை எடுத்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். பேச்சுவார்த்தை பல மாதம் இழுத்தால், கையெழுத்துப் போடும் அன்று காலையில் புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.