ஹர்மன்பிரீத் கையில் இருந்தது உங்கள் கைக்கு ஆகுமா? லோ-போ கார்பன் ஸ்டிக் விமர்சனம்

2024 ஆகஸ்ட் 8, சிங்கப்பூர் தேசிய தினத்துக்கு முந்தின இரவு, நம் நேரப்படி 8 மணிக்கு பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா–ஸ்பெயின் வெண்கலப் பதக்க ஆட்டம். 30ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்டி கார்னர் (கோல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளித் தொடங்கும் தண்டனை வாய்ப்பு) கோல், 33இல் இன்னொன்று. இரண்டையும் போட்டவர் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங். 2-1 என்று ஆட்டம் முடிந்தபோது பாரிஸில் அவர் கணக்கில் 10 கோல். இதைப் பார்த்த கையோடு கடைக்குப் போகிறவர் கண் எதில் விழும் என்று சொல்லவே வேண்டாம்: 95 விழுக்காடு கார்பன், லோ-போ (வளைவின் உச்சம் கீழ்முனைக்கு அருகே தாழ்ந்திருக்கும் ஸ்டிக்), விலை 300 வெள்ளிக்கு மேல்.

நல்ல சரக்குதான். ஆனால் அணியில் டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து வீசுவது) அடிக்கும் ஒருவருக்கு, மிஞ்சிப் போனால் இருவருக்கு, மட்டுமே அது தேவை.

ஸ்டிக்கின் வளைவுக்கு விதி உண்டு. ஆழம் 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வளைவின் உச்சம் தலையின், அதாவது பந்தை அடிக்கும் கீழ்முனையின், அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. லோ-போ இந்த இரண்டு எல்லையையும் உரசிக்கொண்டு நிற்கிறது. பயன் தெளிவு. ஃபிளிக்கின்போது பந்து தண்டின் வளைவில் படுத்துக்கொண்டு கூடவே இழுபட்டு வரும். கடைசி நொடியில் கவண்கல் போலக் கிளம்பும். தலைக்கு மேல் தூக்கிப் போடும் நீண்ட பாஸுக்கும் இது உதவும்.

அதே வளைவு நேர் அடியில் காலை வாரிவிடும். மிட்-போ (வளைவின் உச்சம் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும் ஸ்டிக்) பழகிய கையோடு அடித்தால் ஸ்டிக்கின் முகம் லேசாக வானத்தைப் பார்க்கும்; தரையோடு போக வேண்டிய பாஸ் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். எதிரே ஆள் நின்றால் ஆபத்தான ஆட்டம் என்று நடுவர் விசில் ஊதுவார். பெனால்டி கார்னரில் ஓங்கி அடிக்கும் முதல் ஷாட் கோல் கோட்டை 460 மில்லிமீட்டருக்குள், அதாவது பின்பலகை உயரத்துக்குள், தாண்டியாக வேண்டும். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. ஆகவே லோ-போ வாங்கிவிட்டு ஃபிளிக் தெரியாமல் ஓங்கி அடிப்பவர், காசு கொடுத்துக் கோலை இழக்கிறார். இரு கையையும் பந்துக்கு முன்னால் கொண்டுபோய் அடித்தால் சரியாகும். வாரம் ஒருமுறை ஆடுகிறவருக்கு அந்தப் பழக்கம் வர மாதங்கள் ஆகும்.

அடுத்தது கார்பன். 95 விழுக்காடு என்றால் விறைப்பு. அடியில் வேகம் கூடும், உணர்வு குறையும். செங்காங் ஹாக்கி அரங்கம் போல நீர் தெளித்த டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) வழுக்கி வரும் பந்தை நிறுத்தும்போது, விறைத்த ஸ்டிக்கில் பட்டு ஒரு முழம் தள்ளிப் போகும். கீழ்க் கையைத் தளர்த்திப் பிடித்தால் பாதி சரியாகும். 50 விழுக்காடு கார்பன் மிட்-போவில் இந்தத் தொல்லை வெகு குறைவு; விலையும் ஏறக்குறைய பாதி.

பாரிஸையே எடுத்துக்கொள்வோம். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் இந்தியத் தடுப்பாளர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கினார். மீதி 40 நிமிடத்துக்கும் மேல் 10 பேர். 1-1இல் பிடித்து நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று முடித்தார்கள். அந்த நேரம் முழுக்க வேலை செய்தது மடக்கித் தடுப்பதும் பந்தை நிறுத்துவதும் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷின் கால் பேடும். ரோஹிதாஸ் தடையால் அரையிறுதிக்கு இல்லை. கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து மறிப்பவர் இல்லாமல் ஜெர்மனியிடம் 2-3. இங்கே நள்ளிரவு 1 மணி ஆட்டம். விழித்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டையின் அளவு புரிந்திருக்கும். தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது என்னவோ ஃபிளிக்கைத்தான்.

உள்ளூர் கிளப் ஆட்டங்களில் கார்னர் கெடுவது பெரும்பாலும் ஃபிளிக்குக்கு முன்பே. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டரில் நின்று பந்தை உள்ளே தள்ளுபவர், பந்து குதிக்காதபடி தள்ள வேண்டும். கோலைச் சுற்றிய வட்டத்துக்கு வெளியே பந்தை நிறுத்துபவர் ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். இந்த இரண்டும் ஆடிப்போனால் எந்த விலை ஸ்டிக்கும் சும்மாதான்.

நம் ஊர் ஈரப்பதத்தில் முதலில் பழுதாவது கைப்பிடியில் சுற்றிய பிடித்துணி. வியர்வையில் ஊறிப் பைக்குள் அடைந்தால் பூஞ்சை பிடிக்கும். வழுக்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். மணல் தூவிய டர்ஃப் தலையின் அடி விளிம்பைத் தேய்க்கும். புறக்கை விளிம்பால் ஓங்கி அடிப்பவருக்கு அந்த இடத்தில்தான் கார்பன் சில்லு பெயரும். பெயர்ந்த முனை கூர்மையாக இருந்தால் நடுவர் அந்த ஸ்டிக்கை வெளியே போடச் சொல்வார். மெல்லிய கோடு தெரிந்தால் நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் வண்ணப்பூச்சில் கீறல், மொத்தென்றால் உள்ளே விரிசல்.

அளவில் பெருமை வேண்டாம். ஐந்தே முக்கால் அடிக்குக் குறைந்தவருக்கு 36.5 அங்குலம் போதும், 37.5 ஃபிளிக்குக்கு எட்டம் தரும், பந்தை உருட்டி ஆடும்போது வயிற்றில் இடிக்கும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஸ்டிக்கின் தட்டையான முகம் கீழே இருக்கும்படி மேசையில் வையுங்கள். மெர்லயன் போட்ட ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மில்லிமீட்டர். அதை நிமிர்த்தி வளைவின் அடியில் நுழையுங்கள். உரசினால் நல்லது. மேலே வெளிச்சம் தெரியும்படி தாராளமாக உருண்டு போனால், சரியான அளவுகோல் வைத்துப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.