ரீஜென் பிரேக் சரிசெய்து தருவதாகச் சொல்லி 46,500 ரூபாய் வாங்கியவர்கள்: பேட்டரி வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களும், விடுதிகளில் பேட்டரி வண்டி ஓட்டுபவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக, கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். வண்டியின் ரீஜென் பிரேக்கை (இறக்கத்தில் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாட்டை)ச் சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறை என்னிடம் 46,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, எங்கள் ஓட்டுநரின் உயிரோடு விளையாடியிருக்கிறது. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. மலையடிவாரத்துச் சாலையோரம், பேட்டரி வண்டிகளை விற்கவும் பழுதுபார்க்கவும் செய்கிற இடம் என்பது போதும். எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது 48 வோல்ட் வண்டி, ஏ.சி. மோட்டார், லித்தியம் பேட்டரி. கொட்டகை மேலே இருக்கிறது, தேயிலை கீழே சரிவில் இருக்கிறது. காலையில் உர மூட்டைகளை இறக்கவும், பிறகு பறித்த கொழுந்தை ஏற்றவும் இந்த வண்டிதான். இறக்கத்தில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்து, அதைப் பேட்டரிக்கு அனுப்பி, வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி குறைவாக இருந்ததால் டிரம் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டியிருந்தது. கீழே போய்ச் சேரும்போது பிரேக் கட்டை கருகும் வாடை வரும். உதகைப் பக்கத்துக் கல்லட்டி மலைச்சாலை இறக்கத்தில் ஏன் தாழ்ந்த கியரில் வரச் சொல்கிறார்கள் என்பது மலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். கியர் இல்லாத வண்டிக்கு அந்த வேலையைச் செய்வது ரீஜென்தான்.

பட்டறைக்காரர் நன்றாகத்தான் பேசினார். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடையே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரில் மடிக்கணினியை இணைத்து, திரையில் ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டி, பழைய கன்ட்ரோலர் மலைக்கு ஒத்துவராது, புதிதாக மாற்றினால்தான் ரீஜெனைக் கூட்ட முடியும் என்றார். புது கன்ட்ரோலர் 31,000, செட்டிங் 9,500, நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கட்டை மாற்ற 6,000, ஆக 46,500 ரூபாய். வேலை முடிந்ததும் தன் பட்டறை முற்றத்திலேயே, சமதளத்தில், வெறும் வண்டியை ஓட்டிக் காட்டினார். காலை எடுத்ததும் வண்டி சட்டென்று நின்றது. "பார்த்தீங்களாங்ணா, இனி பிரேக்கை மிதிக்கிற வேலையே இருக்காது" என்று அவர் சொன்னபோது அருகில் நின்ற எங்கள் ஓட்டுநரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. அந்த நிம்மதிக்காகத்தான் அங்கேயே முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, காலையில் மூட்டைகளோடு முதல் முறை இறங்கியபோது, முதல் வளைவு வரை வண்டியை இழுத்துப் பிடித்த மோட்டார் அதற்குப் பிறகு திடீரென்று கைவிட்டது. வண்டி முன்னால் பாய்ந்தது; பிரேக்கை அழுத்தினால் உலோகம் உரசும் சத்தம்தான் வந்தது. ஓட்டுநர் மண் சரிவின் பக்கம் திருப்பி மோதவிட்டதால் முழங்கால் காயத்தோடு தப்பினார். மறுபக்கம் திரும்பியிருந்தால் கீழே ஓடைதான்.

கோத்தகிரியில் வண்டி மின்வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்து பிரித்துப் பார்த்தார். கன்ட்ரோலர் மேல் ஒட்டியிருந்த பளபளப்பான ஸ்டிக்கரை நகத்தால் உரித்ததும் அடியில் எங்கள் தோட்டத்துச் செம்மண் காய்ந்து படிந்திருந்தது. வரிசை எண்ணும் வண்டி வாங்கியபோது கொடுத்த தாளில் உள்ள அதே எண். பிரேக் கட்டைகள் தேய்ந்து ரிவெட் வெளியே தெரிந்தது. செய்திருந்த ஒரே வேலை, ரீஜென் அளவை உச்சத்தில் வைத்ததுதான்.

அதுதான் பெரிய ஆபத்து. நிறைந்த பேட்டரிக்குள் மேலும் மின்சாரம் போக முடியாது. மின்னழுத்தம் எல்லையைத் தாண்டியதும் பேட்டரியின் காப்புச் சுற்றான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டிக்கும், அந்த நொடியே மோட்டாரின் பிடியும் போய்விடும். பாதி சார்ஜில்கூடக் கணக்கு இடிக்கிறது. மூட்டையோடு 900 கிலோ வண்டி, ஏழடிக்கு ஓரடி சரியும் பாதையில் மணிக்கு 12 கிலோமீட்டரில் இறங்கினால், உராய்வு போக மீதமெல்லாம் பேட்டரிக்குத் திரும்பும்போது மின்னோட்டம் 50 ஆம்பியரைத் தாண்டும். எங்கள் பேட்டரியில் அச்சிட்டிருக்கும் சார்ஜ் உச்சமே 50. உறைபனிக் காலத்தில் பேட்டரி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தாலும் பி.எம்.எஸ். சார்ஜ் ஏறவிடாது. இவ்வளவையும் அறிந்திருக்க வேண்டியவர் சமதளத்தில் ஓட்டிக் காட்டி அனுப்பினார்.

கேட்டபோது முதலில் "டிரைவருக்கு ஓட்டத் தெரியலைங்க" என்றார். அடுத்து பேட்டரி கம்பெனியைக் கேளுங்கள் என்றார். வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பியதும் நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் முதலாளி வெளியூர் என்று ஒரு பையன் சொல்கிறான். பின்னால் அந்த முதலாளியின் குரலே கேட்கிறது. கடைசியாக, வண்டியை லாரியில் ஏற்றிக் கீழே அனுப்புங்கள், வாடகை உங்களுடையது என்றார்கள். 46,500 ரூபாய் என்பது எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. பச்சைத்தேயிலைக்குக் கிடைக்கும் விலை என்ன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

உடனே செய்ய வேண்டியவை இவை. சரிவில், சுமையோடு, முழு சார்ஜில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள், வரிசை எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கொட்டகை மேட்டில் இருந்தால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். ரீஜென் எவ்வளவு இருந்தாலும் டிரம் பிரேக் தனியாக வண்டியை நிறுத்த வேண்டும். என்னிடம் பில் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து உதகை நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே பட்டறையிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.