டிக் டிக் சத்தத்துக்கு இன்ஜினை இறக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

பழைய டீசல் வண்டி வைத்துப் பிழைக்கிறவர்கள், முக்கியமாக மதுரை, உசிலம்பட்டி, தேனி பக்கம் ஓட்டுகிறவர்கள், இதைக் கடைசி வரை படியுங்கள். மதுரை ரிங் ரோட்டில் இருக்கும் ஒரு பட்டறையில் செய்யாத இன்ஜின் வேலைக்கு என்னிடம் 58,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர்கள் செய்த விதம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதே வித்தையை வேறு இடத்திலும் செய்கிறார்கள் என்று அப்புறம் பேசிய டிரைவர்கள் பலர் சொன்னார்கள்.

என்னுடையது டாடா 407. நாலு சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் இல்லாத பழைய வண்டி. தேனியிலிருந்து மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றுகிறேன். மார்கழிக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தமும் வேகமாகும். கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் சூடானால் பாதி அடங்கிவிடும். ஆனால் லோடோடு ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மறுபடி காதில் விழும். ஆயில் பிரஷர் முள் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றது. இதையெல்லாம் அந்தப் பட்டறையில் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர்கள் செய்த சோதனை இவ்வளவுதான்: பானெட்டைத் திறந்து நாலு தடவை முழு ஆக்சிலேட்டர் கொடுத்தார்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கூடக் கேட்கவில்லை. "அண்ணே, கன்ராடு பேரிங் முடிஞ்சு போச்சு. இப்படியே லோடு ஏத்தினீங்கன்னா ராடு பிளாக்கைப் பேத்துக்கிட்டு வெளிய வந்துரும். அப்புறம் இன்ஜினே இல்ல" என்றார் மூத்தவர். கன்ராடு என்பது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கம்பி, அது தண்டைப் பிடிக்கும் இடத்தில் இருப்பதுதான் இந்தப் பேரிங். ராடு இன்ஜினின் உடலான பிளாக்கை உடைப்பது பொய்யான பயம் இல்லை, பேரிங் உண்மையிலேயே போனால் அது நடக்கும். அதனால்தான் அந்த வார்த்தையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கணவாயில் காய்கறியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிற யாரும் அதைக் கேட்டு மறுக்க மாட்டார்கள்.

கிராங்க் கிரைண்டிங் (தண்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது), பேரிங் செட், பிஸ்டன் ரிங், பேக்கிங் செட், கூலி என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து முன்பணம் வாங்கினார்கள். வேலை முடிந்தது என்று கூப்பிட்டபோது இன்ஜின் முழுக்கப் புது பெயிண்ட் பளபளத்தது. சத்தமும் இல்லை. நான் வருவதற்கு முன்பே நெடுநேரம் ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றி வைத்திருந்தார்கள் என்பதுதான் அதன் காரணம். மறுநாள் விடியற்காலை பச்சை இன்ஜினை, அதாவது சூடேறாமல் குளிர்ந்து கிடந்த இன்ஜினை, ஸ்டார்ட் செய்ததும் அதே டிக் டிக், கொஞ்சமும் குறையாமல். போன் செய்தால், "புது பேரிங்ண்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிரும்" என்ற பதில்.

அப்படி எந்தப் பேரிங்கும் சத்தம் போட்டு 'செட்' ஆவதில்லை. சரியாகப் போட்ட புது பேரிங் முதல் நாளே சத்தமில்லாமல் ஓட வேண்டும்.

திருமங்கலம் பக்கம் டீசல் பம்ப் வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் செய்த முதல் காரியம், "வண்டியை ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி. காலைல நீங்க வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். கீழே ஆயில் சேம்பர் பக்கம் சத்தம் இல்லை. வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பட் மூடியின் மேல் வழக்கமான சத்தம்தான். சிலிண்டர்களின் புகையை வாங்கி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் பின்கோடிக்குப் போனதும் என் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அங்கேதான் இருந்தது. சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பில் தெளித்ததும் குபுகுபுவென்று நுரை வந்தது. அதைப் பிடித்திருக்கும் கடைசி ஸ்டட் (திருகு கம்பி) முறிந்து, பேக்கிங் ஓரம் எரிந்து, புகை பீறிட்ட இடத்தில் கரி படிந்திருந்தது. அந்தக் கரியின் மேலேயே புது பெயிண்ட்.

அவர் விளக்கியது இது. சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கு வழியே பீறிடும்; அதுதான் டிக். இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடுக்கு விரிந்திருக்கும், சூட்டில் விரிவடைந்து கொஞ்சம் மூடிக்கொள்ளும். மேடு ஏறும்போது புகையின் அழுத்தம் அதிகம் என்பதால் மறுபடி கேட்கும். கன்ராடு பேரிங் போனால் நேர்மாறாக நடக்கும். குளிரில் கெட்டியான ஆயில் சத்தத்தை மறைக்கும், சூடாகி ஆயில் இளகியதும் சத்தம் கூடும், பிரஷர் முள் இறங்கும். சத்தமும் டிக் இல்லை, அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வரும். நான் முதல் பட்டறையில் சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் பேரிங் இல்லை என்றே காட்டியது. வேலை தெரிந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அவருக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. ஹெட் போல்ட்டுகளின் இடுக்கில் பழைய எண்ணெய் அழுக்கு அப்படியே இருந்தது. அதன் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய சாமான்களைக் கேட்டதற்கு முதல் பட்டறை ஒரு சாக்கில் கொஞ்சம் கொடுத்திருந்தது. அதிலிருந்த பேரிங் ஷெல்லை, அதாவது பேரிங்கின் அரைவட்டத் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் 0.50 என்று குத்தியிருந்தது. பில்லில் புது பேரிங் 0.25 என்று இருந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பில்லைப் பார்த்தே பிடிக்கக்கூடிய பொய் இது. கிராங்கைக் கிரைண்டிங் செய்யும்போது அதன் தடிமன் குறைகிறது. குறைந்த அளவுக்கு ஈடாகக் கனமான ஷெல் போட வேண்டும். முதல் தடவை 0.25 மில்லிமீட்டர், அடுத்து 0.50 என்று எண் ஏறிக்கொண்டேதான் போகும். 0.50 ஓடிய கிராங்க்குக்கு 0.25 ஷெல் திரும்பப் பொருந்தவே பொருந்தாது, தேய்த்த இரும்பு வளராது. அப்படியானால் சாக்கில் இருந்தது வேறு ஏதோ வண்டியின் குப்பை. உறுதி செய்ய ஆயில் சேம்பரை இறக்கி, வீடியோ எடுத்துக்கொண்டே ஒரு கன்ராடு மூடியைக் கழற்றினோம். உள்ளே இருந்த ஷெல்லில் எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு) என்று இருந்தது. கிரைண்டிங்கே பார்க்காத கிராங்க்குக்குப் போடுகிற அளவு அது. ஷெல்லும் நல்ல நிலையில் இருந்தது. ஆக, அந்த இன்ஜினுக்குள் யாரும் கையே வைக்கவில்லை. 58,000 ரூபாய்க்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்து, புது ஸ்டட்டும் பேக்கிங்கும் போட்டுச் சத்தத்தை நிறுத்தினார் பெரியவர். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. இந்தக் கசிவைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடவும் கூடாது. புகை கேபினுக்குள் வந்தால் தலைவலி, மயக்கம் வரும். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

டிக் சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி கூடியிருந்தால் மேலே மூடிக்குள்ளிருந்து வரும். அது கேம்ஷாஃப்ட் வேகத்தில் அடிக்கும், அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை. கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்தால் போதும். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தாலும் டிக் வரும், நாசிலைச் சுற்றிக் கரி பிடித்திருக்கும். நாசிலே தட்டுகிறதா என்று பார்க்க, பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகச் சற்றே தளர்த்துவார்கள். எந்த சிலிண்டரில் சத்தம் நிற்கிறதோ அங்கே கோளாறு. இதைத் தெரிந்தவர் மட்டும், துணி சுற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் புது வகையான காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பேரிங் என்று யாராவது சொன்னால், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் தனி மீட்டர் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு பிரஷரைக் காட்டச் சொல்லுங்கள். ஆயிலை உங்கள் முன்னால் இறக்கி, ஃபில்டரை அறுத்து, உலோகத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வேலை கொடுத்தால் இன்ஜின் திறந்திருக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள், ஷெல்லின் முதுகைப் போட்டோ எடுங்கள். டெலிவரியைப் பச்சை இன்ஜினில்தான் எடுக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அளவை பில்லுல தப்பா எழுதிட்டாங்க" என்றார்கள். சரி, பில்லில் தப்பு என்றால் இன்ஜினுக்குள் இருந்த ஷெல்லுக்கு என்ன பதில்? சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இது வியாபார வண்டி, நுகர்வோர் சட்டம் செல்லாது என்று மிரட்டினார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு விலக்கு இருக்கிறது, வக்கீல் அதை வைத்தே வாதாடப் போகிறார். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பில், சாக்கில் வந்த ஷெல், வீடியோ மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், கையில் இருக்கிற பழைய சாமான்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், வழக்குக்கு அவைதான் வேண்டும்.