அம்மாட அன்ட்ரொய்ட் போன்: போன் நல்லம், அப்டேட் தான் இல்ல

2022ல டொலர் ஏறி போன் எல்லாம் நெருப்பு விலை வித்த நேரம், லிபர்ட்டி பிளாசா பக்கம் ஒரு கடையில அம்மாவுக்கு ஒரு மலிவு அன்ட்ரொய்ட் போன் வாங்கிக் குடுத்தனான். இன்னும் நல்லாத்தான் இருக்கு, பற்றரி பின்னேரம் வரைக்கும் தாங்குது, வெள்ளவத்தையில இருந்துகொண்டு கனடாவில இருக்கிற பெரியம்மாவோட மணித்தியாலக் கணக்கா வீடியோ கோல் கதைக்கிறா.

அன்ட்ரொய்ட் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். கூகுள் 2005ல வாங்கேக்க அது ஒரு சின்னக் கொம்பனி, முதல் போன் 2008ல தான் வந்தது, அப்ப நோக்கியா போனில இருந்த சிம்பியன் எண்ட சொவ்ட்வெயார் தான் ராஜா. அன்ட்ரொய்டின்ர புரோகிராமை எல்லாருக்கும் திறந்து விட்டதால ஆரும் எடுத்து போன் செய்யலாம் எண்டு ஆச்சு, அதாலதான் ஐபோன் வாங்க ஏலாத எங்கட ஆக்களின்ர கைக்கும் ஸ்மார்ட்போன் வந்தது. ஆரம்பத்தில தமிழ் மெசேஜ் வந்தா பெட்டி பெட்டியாத் தெரியும், இப்ப அம்மா மைக்கை அமத்திப் போட்டு கதைக்க அதுவே தமிழில டைப் பண்ணுது, இதுக்கே 5 ஸ்டாரும் குடுப்பன்.

ஆனா அப்டேட்!! கூகுள் புது வேர்ஷன் விட்டா அது நேரா எங்களுக்கு வராது. முதல்ல சிப் செய்யிறவங்கள் தங்கட டிரைவரை (சிப்பை வேலை செய்ய வைக்கிற சொவ்ட்வெயாரை) அதுக்கு ஏத்தமாதிரி மாத்த வேணும், பிறகு போன் கொம்பனி அதுக்கு மேல தன்ர டிசைனைப் போட்டு டெஸ்ட் பண்ணி அனுப்ப வேணும், மலிவுப் போனில லாபம் குறைவு எண்டபடியா ஒண்டு ரெண்டு தரம் அனுப்பிப்போட்டு விட்டுடுவாங்கள். 2017ல அன்ட்ரொய்ட் 8ல ட்ரெபிள் எண்டு ஒண்டு கொண்டுவந்து சிப்பின்ர பகுதியை வேறயாப் பிரிச்சவை, வேலை சுகமாச்சு, ஆனா அனுப்புறது இன்னும் கொம்பனியின்ர கையில தான். கூகுளின்ர பிக்சல் 8க்கும் சாம்சங்கின்ர கலக்சி எஸ்24க்கும் 7 வருசம் அப்டேட் எண்டு சொல்லியிருக்கினம், அது லட்சக்கணக்கில குடுத்து வாங்கிற ஆக்களுக்கு.

அம்மாட போனில செக்யூரிட்டி அப்டேட் (கள்ளர் புகக்கூடிய ஓட்டையளை அடைக்கிறது) திகதி 2024லயே நிண்டுட்டுது. பென்சன் காசு பாக்கிறதும் ஓடிபி வாறதும் அதில தான், எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு.

வாங்கேக்க நான் கேட்டனான், கடைத் தம்பி "அதெல்லாம் தானா வரும் அண்ணா" எண்டார். அவரில பிழையில்ல, பெட்டியிலயே எழுதேல்லையே. நீங்கள் வாங்கப் போனா கமரா எத்தனை மெகாபிக்சல் எண்டு கேக்க முதல், இந்த மொடலுக்கு எந்த வருசம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் எண்டு கொம்பனியின்ர வெப்சைட்டில பாருங்கோ. பழைய மொடலை விலை குறைச்சுத் தந்தா இன்னும் கவனம், வருசம் எண்ணுறது நீங்கள் வாங்கின நாளில இருந்து இல்ல, அந்த மொடல் வெளிவந்த நாளில இருந்து.

போனுக்கு 4, அப்டேட்டுக்கு 1. பாங்க் ஆப்பை இந்தக் கிழமை என்ர போனுக்கு மாத்திறன், அம்மா பெரியம்மாவோட கதைக்க இதையே வச்சிருக்கட்டும்.