குளிர்கடல் டைவிங் போகிறீர்களா? முதலில் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் நாங்கள் எட்டுப் பேர் ஒரு தீவுக்கு வார இறுதி ஸ்கூபா டைவிங் போய் நன்றாக ஏமாந்து வந்தோம். நடத்தியவர்கள் பெயரைப் போடப் போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு நாள், நான்கு டைவ், சாமான் எல்லாம் அவர்களே தருவதாகச் சொல்லி முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அடியில் தண்ணீர் 9 டிகிரி இருக்கும், அதனால் 7 மில்லிமீட்டர் தடிமனான வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), தலைக்கு ஹூட், கையுறை எல்லாம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள். படகுத்துறையில் போய் நின்றால் கையில் கிடைத்தது 5 மில்லிமீட்டர் சூட், அதுவும் முழங்காலில் கிழிந்து ஒட்டுப் போட்டது. எட்டுப் பேருக்கு ஐந்து ஹூட். கையுறை இரண்டு பேருக்கு இல்லவே இல்லை. கேட்டதற்கு "அரைமணி நேரம்தானே, தாங்கும்" என்று சிரித்தார் வழிகாட்டி. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும், போதாததற்கு ஆழம் போகப் போக சூட்டின் நியோபிரீன் ரப்பர் நசுங்கி மெலிந்துகொண்டே வரும், மேலே கதகதப்பாக இருந்த அதே சூட் 15 மீட்டரில் வெறும் சட்டை மாதிரிதான். இது எங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் இறங்கினோம். பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற நினைப்பு இருக்கிறதே, அது பொல்லாதது.

எங்கள் டைவிங் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

சரி, குளிரைக்கூட விடுங்கள். முதல் டைவில் 14 மீட்டரில் என் ஜோடி நண்பனின் ரெகுலேட்டரிலிருந்து, அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவியிலிருந்து, திடீரென்று காற்று கொட்ட ஆரம்பித்தது. சிலிண்டரிலிருந்து வரும் காற்று விரியும்போது கடுமையாகக் குளிரும், தண்ணீரும் ஏற்கெனவே குளிராக இருந்தால் சிலிண்டரோடு இணையும் பகுதியில் பனி பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிடும், அப்புறம் சிலிண்டர் காலியாகும்வரை ஓயாது. 150 பார் அழுத்தம் காட்டிய அவன் காற்று மீட்டர் சில நிமிடங்களில் 40க்கு வந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வழிகாட்டி, அவர் எங்கோ முன்னால், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடமிருந்த மாற்று ரெகுலேட்டரை அவன் வாயில் கொடுத்து, கையைக் கோத்துக்கொண்டு மெதுவாக ஏறினோம். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் வழக்கத்தை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், என் காற்று போதும் என்று தெரிந்ததால் நின்றோம். கையுறை கிடைக்காத இரண்டு பேரில் அவனும் ஒருவன், விரல்கள் மடங்கவே இல்லை. படகில் ஏறியதும் ஆக்சிஜன் எங்கே என்று கேட்டேன். பெட்டி இருந்தது, உள்ளே சிலிண்டரின் மானி பூஜ்யத்தில் நின்றது. நல்லவேளை, அவனுக்கு அது தேவைப்படவில்லை.

அன்று மாலை எல்லா ரெகுலேட்டரையும் வாங்கித் திருப்பிப் பார்த்தோம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 250 குறிக்குப் பக்கத்தில் 10 டிகிரிக்கு மேல் என்று அச்சிட்டிருந்தால் அது குளிர்நீருக்குச் சோதித்துத் தேறியது அல்ல. எட்டில் ஆறு அப்படி. 9 டிகிரித் தண்ணீருக்கு! நீங்கள் போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் குறியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மறுநாள் இறங்க மாட்டோம் என்றோம். அதற்குள் அவர்களே காற்று பலம் என்று ரத்து செய்துவிட்டு, வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல, நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருக்கிறது என்றார்கள். கார்டில் கட்டிய மூன்று பேர் அந்த வாட்ஸ்அப் செய்திகளை இணைத்து வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். நேரடியாகக் கணக்குக்கு அனுப்பிய ஐந்து பேருக்கு, அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது.